காற்றுத் துப்பாக்கியும் ஒரு கௌதாரியும்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக் கோடை விடுமுறையில் கிடைக்கும் விருந்துகள் இரண்டு வகைப்படும். "வாருங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள்" என்பது ஒரு வகை. "வந்ததுதான் வந்தீர்கள், இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்பது மற்றொரு வகை. இருபது வருஷ காலமாகப் பௌதிகம் போதித்துவரும் எனக்கு எப்போதும் இரண்டாவது வகையே வாய்க்கிறது. கிணற்று மோட்டார் முனகினாலும், மாமியார் வீட்டு மாவரைக்கும் இயந்திரம் சுற்ற மறுத்தாலும், "பௌதிகம் படித்தவருக்கு இது தெரியாதா?" என்ற ஒரே கேள்வியில் என் பகல் தூக்கம் பறிபோய்விடும்.

சென்ற கோடையிலும் அப்படியே நேர்ந்தது. சிவகங்கை ஜில்லாவில், திருப்பத்தூருக்கு அருகேயுள்ள என் மனைவியின் ஊருக்குப் போய் இறங்கி, காலை அலம்பிக்கொண்டு திண்ணையில் உட்காரவில்லை. என் மைத்துனன் நீளமான அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அவனுக்குப் பின்னால், பன்னிரண்டு வயதான அவனுடைய மகன், சுவாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவனைப் போல மிகுந்த பயபக்தியுடன் நின்றிருந்தான்.

"அத்தான், புது ஏர்-கன். மதுரையில் வாங்கினேன். நீங்கள் இதைச் சோதித்து, குறியைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். கடலைக் காட்டில் கௌதாரி கூட்டம் கூட்டமாக மேய்கிறது. முயலும் வருகிறது" என்றான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். துப்பாக்கி அழகாகத்தான் இருந்தது. அதன் விலையை அவன் தன் மனைவியிடம் பாதியாகச் சொல்லியிருந்தான். ஆகையால் நானும் அதை இங்கே வெளியிடுவது தர்மம் ஆகாது. பெட்டியின் மேல், ரவை விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பாயும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"சட்டம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னாரே!"

கடைக்காரர் சொன்னது சரி. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு. அதனால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்பது வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் புலியும் யானையும் மட்டும் இல்லை. கௌதாரியும் இருக்கிறது, காடையும் இருக்கிறது, முயலும் இருக்கிறது. அவற்றை வேட்டையாடினால் சிறைத் தண்டனை உண்டு. இதையெல்லாம் வகுப்பறைக் குரலில் எடுத்துச் சொன்னேன்.

மைத்துனன் சிரித்தான். "நம் காட்டிலே ஒரு கௌதாரி குறைந்தால், அதை எண்ணிப் பார்க்க எந்த அதிகாரி அத்தான் வரப்போகிறார்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் சட்டம் என்ன செய்யும் என்பது பௌதிகப் பாடத்திட்டத்தில் கிடையாது. "சரி, முதலில் துப்பாக்கியைச் சோதிப்போம். வேட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்று காலம் கடத்தினேன்.

வாசகர்கள் என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். நான் சைவன் அல்லன். என் மாமியார் வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பின் மணம் தெருக்கோடியில் வந்தாலே என் நடை தானாக வேகம் பிடிக்கும். ஆயினும் காற்றுத் துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது உள்ளங்கை சற்று வியர்த்தது. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

*

இந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதம் எளிமையானது. குழலை நடுவில் ஒடித்தாற்போல் கீழ்நோக்கி மடக்க வேண்டும். மடக்கும்போது, உள்ளே இருக்கும் தடித்த சுருள்வில்லை ஒரு பிஸ்டன் பின்னுக்குத் தள்ளி இறுக்குகிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. திறந்திருக்கும் குழலின் வாயில் ஈய ரவை ஒன்றை வைத்து, குழலைப் பழையபடி நிமிர்த்தி மூடவேண்டியதுதான். விசையை அழுத்தினால் கொக்கி விலகும், வில் விரியும், பிஸ்டன் முன்னே பாய்ந்து, தனக்கு முன்னால் அகப்பட்ட காற்றைக் கண் இமைப்பதற்குள் நெருக்கும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதுபோல் இங்கும் காற்று சூடேறுகிறது. போக வழியில்லாத அந்தக் காற்று சிறு துவாரத்தின் வழியே சீறி, ரவையைத் துரத்திக்கொண்டு வெளியேறுகிறது. மருந்து இல்லை, நெருப்பு இல்லை. குழலை மடக்கியபோது நம் புஜம் செலவிட்ட பலமே மறுமுனையில் ரவையின் வேகமாக வெளிப்படுகிறது.

காற்றுத் துப்பாக்கிதானே என்று இதை இளப்பமாக எண்ணிவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்னும் காற்றுத் துப்பாக்கியைப் போர்க்களத்துக்கே கொண்டு சென்றது. அது வேறு ஜாதி. காற்றை முன்கூட்டியே குடுவையில் அடைத்து வைத்திருப்பது. ஆனாலும் காற்றுக்கு உயிரை வாங்கும் வல்லமை உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் பையனுக்குச் சில விதிகளைச் சொன்னேன். துப்பாக்கியில் ரவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வாய் எந்த மனிதரையும் நோக்கக்கூடாது. ரவை வைக்காமல் விசையை அழுத்தக்கூடாது. பிஸ்டன் மோதி உடைந்துபோகும். குழல் மடங்கியிருக்கும்போது விசைப் பக்கம் விரல் போகக்கூடாது. போனால் குழல் பட்டென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். சுடுகிற இடத்துக்குப் பின்னால் மணல் மூட்டை இருக்க வேண்டும். கல்லிலும் இரும்பிலும் பட்ட ரவை திரும்பி வரும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பையன் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். என் வகுப்பில் நாற்பது பேர் இருந்தும் இப்படி ஒருவன் அகப்படவில்லையே என்று எண்ணினேன்.

புதுத் துப்பாக்கியின் முதல் பத்துப் பன்னிரண்டு வேட்டுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் உள்ளே சூட்டில் பற்றிக்கொண்டு புகையும். 'டப்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்கும். வேகமும் தாறுமாறாக இருக்கும். குழலின் நுனியில் நீலப் புகை சுருண்டதைக் கண்டு மைத்துனன் ஆனந்தப்பட்டான். "இது பலம் அன்று; அழுக்கு" என்று சொல்லி அவன் ஆனந்தத்தைக் கெடுத்தேன். ஐம்பது ரவைகளை மணல் மூட்டையில் செலவழித்த பிறகே துப்பாக்கி நிதானத்துக்கு வந்தது.

அடுத்தது வேகம். அதை அளக்க நவீனக் கருவிகள் உண்டு. அவை எங்களிடம் இல்லை. ஆனால் 1742-ஆம் வருஷத்திலேயே பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஓர் ஊசலையும் ஓர் அளவுகோலையும் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடும் வழியைச் சொல்லிவிட்டார். மாட்டுத் தொழுவத்தில் காற்று வீசாது. அங்கே உத்தரத்திலிருந்து நான்கு நூல்களில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டோம். நூலின் நீளம் ஒரு மீட்டர். கட்டையில் குழி தோண்டிக் களிமண் அடைத்தோம். மாமியாரின் சமையலறைத் தராசில் நிறுத்து, எல்லாம் சேர்ந்து 500 கிராம் ஆகும்படி மண்ணைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தோம். நூறு ரவைகளை நிறுத்தபோது 50 கிராம் இருந்தது. ஆகவே ஒரு ரவை அரை கிராம். கட்டைக்குப் பின்னால் அளவுகோலின் மேல் ஒரு காகிதச் சீட்டை மடித்து வைத்தோம். கட்டை பின்னே போகும்போது சீட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரும்; சீட்டு போன இடத்திலேயே நின்றுவிடும்.

ஐந்து முறை சுட்டோம். ஒவ்வொரு தடவையும் ரவையைத் தோண்டி எடுத்துவிட்டு மண்ணைச் சமன் செய்தோம். சராசரியாகச் சீட்டு 5.7 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். கட்டை புறப்பட்ட வேகம் விநாடிக்குச் சுமார் 0.178 மீட்டர். கட்டை ரவையைப் போல் ஆயிரம் மடங்கு கனம். ஆகவே ரவையின் வேகம் அதைப் போல் ஆயிரம் மடங்கு, அதாவது விநாடிக்கு 178 மீட்டர்.

"பெட்டியில் 250 என்று போட்டிருக்கிறதே, மாமா!" என்றான் பையன்.

"மிகவும் லேசான ரவையைப் போட்டு அவர்கள் அளந்திருக்கலாம். நாம் சுடுவது இந்த ரவையைத்தானே?" என்றேன்.

வேகம் கால்பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது பெரிய நஷ்டமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை கிராம் ரவை 250 மீட்டர் வேகத்தில் போனால் 15.6 ஜூல், 178 மீட்டர் வேகத்தில் 8 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது பாதி போய்விட்டது. முயலையும் காட்டுப் புறாவையும் சட்டப்படி இப்படிப்பட்ட துப்பாக்கியால் வேட்டையாடும் இங்கிலாந்தில், லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். அவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டே அங்குள்ள தேர்ந்த வேட்டைக்காரர்கள் இரண்டு நியமங்களை விடாமல் சொல்லுகிறார்கள்: உடனே உயிர் பிரியும் இடத்தில் அன்றி வேறெங்கும் குறிவைக்காதே, அட்டையில் தவறாமல் படும் தூரத்துக்கு அப்பால் பிராணியை நோக்கிச் சுடாதே.

அந்த இரண்டாவது நியமந்தான் எங்களை மறுநாள் களத்துமேட்டுக்கு இழுத்துச் சென்றது.

*

பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். கௌதாரியின் உயிர்நிலை ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொல்லி, அட்டைகளில் நாணயத்தை வைத்து வட்டம் போடும்படி பையனிடம் கொடுத்தேன். அவன் திரும்ப வந்தபோது, வட்டம் மட்டும் இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி ஒரு கௌதாரியையே வரைந்திருந்தான். கழுத்து, வால், குறுகிய கால், வயிற்றில் குறுக்குக் கோடுகள், எல்லாம் உயிரோடு இருப்பதுபோல் அதே அளவில் இருந்தன. தினந்தோறும் வரப்பில் பார்க்கிற பறவை அல்லவா?

பத்து மீட்டர், இருபது மீட்டர், முப்பது மீட்டர் என்று மூன்று இடங்களில் முளை அடித்தோம். மணல் மூட்டையின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்தபடியே சுடுவது என்று ஏற்பாடு. இந்த வகைத் துப்பாக்கியை இறுகப் பிடிப்பவன் தோற்றான். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் நிற்கும்போது அதுவே முன்னே குதிக்கும். இந்த இரண்டு உதையும் முடிவதற்குள் ரவை குழலை விட்டுப் போயிராது. ஆகவே துப்பாக்கி தன் இஷ்டப்படி ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அசைவதற்கு இடம் கொடுக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் இடது உள்ளங்கையில் சும்மா கிடத்திக்கொள்ள வேண்டும். மைத்துனன் மண்வெட்டி பிடித்துப் பழகியவன். அவனுடைய முதல் பத்து ரவைகள் அட்டையில் நான்கு திசையிலும் சிதறின. பிடியைத் தளர்த்தச் சொன்ன பிறகு ஒன்றுகூட ஆரம்பித்தன.

பத்து மீட்டருக்கு முள்ளையும் பள்ளத்தையும் சரிசெய்தோம். அதே குறியில் இருபது மீட்டரில் ரவை இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது; முப்பது மீட்டரில் ஒன்பது சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடைக்கும் அதிகமாக. ரவை பறந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் பூமி அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தூரத்தைத் தவறாக மதிப்பிட்டவனுக்குப் பூமி சலுகை காட்டுவதில்லை. அதற்கு ஈடாக உயரத் தூக்கிக் குறிபார்த்து, மூன்று தூரங்களிலும் மைத்துனன் பத்துப் பத்தாக முப்பது ரவை சுட்டான். நானும் முப்பது சுட்டேன். அறுபது ரவைக்கும் கணக்கு எழுதுவது பையன் பொறுப்பு.

அவன் நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தான். முதல் கட்டத்தின் தலைப்பு 'பட்டது'. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'தவறியது'. நடுக்கட்டத்துக்குத் தலைப்பு இல்லை.

"இது என்னடா?" என்று கேட்டேன்.

"வட்டத்துக்குள்ளே விழுந்ததை முதல் கட்டத்தில் எழுதினேன், மாமா. கௌதாரி மேலேயே படாமல் போனதைக் கடைசியில் எழுதினேன். வயிற்றிலும் காலிலும் சிறகிலும் பட்டதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் நடுவிலே ஒரு கட்டம் போட்டேன். அதற்குப் பெயர் என்ன, மாமா?"

நான் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். மைத்துனன் சுட்டதில் 'பட்டது' பதினொன்று, 'தவறியது' ஏழு, நடுக்கட்டம் பன்னிரண்டு. நான் சுட்டதில் 'பட்டது' எட்டு, 'தவறியது' ஒன்பது, நடுக்கட்டம் பதின்மூன்று. அசையாத அட்டை, அவசரமில்லாத நேரம், கையை ஊன்ற மணல் மூட்டை. அப்படியும் எங்கள் இருவருக்கும் சேர்ந்து, அறுபதில் இருபத்தைந்து ரவை பெயரில்லாத அந்தக் கட்டத்தில் விழுந்திருந்தது.

உள்ளங்கை வியர்த்த காரணத்தைச் சொல்வதாக வாக்களித்தேன் அல்லவா? இப்போது சொல்லிவிடுகிறேன்.

1991-ஆம் வருஷம், எனக்குப் பதினொரு வயது. சித்தப்பாவிடம் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவர் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பனைமட்டையின் மேல் ஒரு புள்ளிப் புறா உட்கார்ந்திருந்தது. சுட்டேன். இரண்டு இறகுகள் காற்றில் சுழன்று இறங்கின. புறா விழவில்லை. ஒரு கால் தொங்க, தாழப் பறந்து, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. பொழுது சாய்கிற வரையில் தேடினேன். முள் கீறி முழங்காலெல்லாம் இரத்தம். புறா அகப்படவில்லை. இரவு அப்பத்தா சோறு போட்டுக்கொண்டே, "துப்பாக்கியை எடுத்துப் போனாயாமே, என்னத்தை அடித்தாய்?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, தவறிப்போய்விட்டது" என்றேன்.

அது பொய். ஆனால் அந்த வயதில் அது பொய் என்பதே எனக்கு உறைக்கவில்லை. புறா என் கையில் இல்லை; ஆகவே தவறிவிட்டது என்று நானே நம்பிக்கொண்டேன். வேட்டையைப் பற்றிய நம் பேச்செல்லாம் பட்டதும் தவறியதுமாகவே இருக்கிறது. பட்டதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறோம். தவறியதைச் சொல்லிச் சிரிக்கிறோம். தொங்கும் காலோடு கருவேலங்காட்டுக்குள் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முப்பது வருஷத்துக்கு மேலாக என்னை யாரும் கேட்டதில்லை. இந்தப் பையன் கேட்டுவிட்டான்.

*

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது பையனுக்கு ஒரு கதை சொன்னேன். பம்பாயில், தாய் தந்தையற்ற ஒரு சிறுவன் தன் பொம்மைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளரான மில்லார்டு என்பவரிடம் அவனை அனுப்பினார். அது 1908-ஆம் வருஷம். மில்லார்டு அந்தக் குருவிக்குப் பெயர் சொன்னதோடு, சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றி உலகத்துக்கே எடுத்துச் சொன்ன சாலிம் அலி. 1985-இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு அவர் ஒரு குருவியின் வீழ்ச்சி என்றே பெயர் வைத்தார்.

"அப்புறம் அவர் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டாரா, மாமா?"

இங்கே ஒரு பொய் சொன்னால் கதை அழகாக முடிந்திருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை. ஆராய்ச்சிக்காக அவர் பின்னரும் பறவைகளைச் சுட்டிருக்கிறார். "இல்லை. ஆனால் தான் சுட்டது என்ன என்று கையில் எடுத்துப் பார்த்தார். அதன் பெயரைக் கேட்டார். அதைக் கேட்காதவர்கள்தான் அதிகம்" என்றேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்பது அவனுக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் மைத்துனன் புரண்டு படுத்தான். தூங்கவில்லை என்று தெரிந்தது.

விடியற்காலையில் அவன் என்னை எழுப்பினான். "காட்டுப் பக்கம் போய்வரலாம் அத்தான். சுடப் போவதில்லை, தூரம் பழகத்தான்" என்றான். தோளில் துப்பாக்கி; சட்டைப் பையில் ரவை டப்பாவின் புடைப்பு. நான் பார்த்தும் பாராதவன் போல் கிளம்பினேன். பையன் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தான்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு கௌதாரி கணீர் கணீரென்று கூவ, மறு கோடியிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. கடலைக் காட்டின் வரப்பில் ஒரு ஜோடி வெளிப்பட்டது. ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்க, மற்றொன்று கழுத்தை நீட்டிக் காவல் பார்த்தது. மைத்துனன் மெல்லக் குந்தினான். குழல் மடங்கும் 'க்ளிக்' ஓசை கேட்டது. அவன் விரல் சட்டைப் பைக்குள் போயிற்று. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டத்தை நேற்றே சொல்லியாகிவிட்டது. சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. துப்பாக்கி கன்னத்துக்கு ஏறியது.

அப்போது பையன் தன் தகப்பனாரின் காதருகே குனிந்து, தடுக்கும் குரலில் இல்லாமல், கணக்கு ஒப்பிக்கும் குரலில் சொன்னான்: "அப்பா, இருபது மீட்டர் இருக்கும். மூன்று, ஐந்து, இரண்டு."

நேற்று இருபது மீட்டரில் மைத்துனன் சுட்ட பத்து ரவைகளின் கணக்கு அது. பட்டது மூன்று, தவறியது இரண்டு, நடுவில் ஐந்து.

விரல் விசையின் மேல் இருந்தது. கௌதாரி கழுத்தைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மைத்துனன் துப்பாக்கியைத் தாழ்த்தி, பக்கத்து மண்மேட்டில் ரவையைச் செலுத்தினான். ஜோடி சிறகடித்து எழுந்து, வேலிக்கு மேலாகப் போய் மறைந்தது.

"பத்து மீட்டருக்குள் வராதா, அத்தான்?" என்று கேட்டான்.

"பத்து மீட்டரிலும் உனக்கு ஏழுதான்" என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அதிகாரி வரமாட்டார் என்று சொல்லிச் சட்டத்தைச் சிரித்து ஒதுக்கியவனுக்கு, தன் கையாலேயே துளைத்த அட்டையைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. யாரோ எழுதிய விதி அன்று அது, அவனுடைய கணக்கு.

திரும்பும் வழியில் அவனே பேச்சை ஆரம்பித்தான். அங்கிருந்து வெகு தூரமில்லாத வேட்டங்குடியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் வந்து தங்கும் நாரைகளும் வக்காக்களும் மிரண்டுவிடக் கூடாதென்று, அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. "அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு அத்தான். சிறுவயதில் தீபாவளிக்கு அங்கே போகச் சொன்னால் அழுவேன். வெடி இல்லாத தீபாவளி என்ன தீபாவளி என்று" என்றான். சற்று நடந்த பிறகு, "அவர்களை எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்தவில்லைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

*

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி நான் உபதேசிக்கவில்லை. குறிபார்த்துச் சுடுவது அருமையான கலை. மனத்தையும் மூச்சையும் கையையும் ஒரு புள்ளியில் நிறுத்தப் பழக்குகிறது. 2008-ஆம் வருஷம் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா நம் தேசத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலேதான். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். எங்கள் பத்து ரூபாய் வட்டத்தின் பெருமை அத்துடன் அடங்கிற்று. இதைக் கேட்டதிலிருந்து பையன் அந்தப் புள்ளியைத் துரத்திக்கொண்டிருக்கிறான். தகப்பனார் பக்கத்தில் இருந்தால்தான் துப்பாக்கியைத் தொடலாம். மணல் மூட்டை வைத்த களத்துமேட்டைத் தவிர வேறெங்கும் சுடக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் தன் அட்டையைப் படம் பிடித்து அலைபேசியில் அனுப்புகிறான். இப்போது அட்டையில் கௌதாரி கிடையாது, வட்டம் மட்டுமே. முதல் வாரம் பத்தில் நான்கு, அப்புறம் ஆறு, சென்ற வாரம் பத்து மீட்டரில் ஒன்பது. தகப்பனாரையும் மாமாவையும் தாண்டிவிட்டான். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் எழுந்தது. கை திருந்தாத வரையில் கணக்கு தடுத்தது. கை திருந்திவிட்டால்? பத்துக்குப் பத்தும் வட்டத்தில் விழும் நாளில் எதைச் சொல்லித் தடுப்பது? சட்டம் அன்றைக்கும் சட்டந்தான். ஆனால் அதைச் சிரித்து ஒதுக்கும் சுபாவமும் அவன் இரத்தத்தில் இருக்கிறதே!

வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பத்துக்குப் பத்து வந்துவிட்டால் கௌதாரியைச் சுடலாம் என்று தோன்றுமா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "தோன்றினாலும் தோன்றும், மாமா. ஆனால் அட்டை அசையாதே, கௌதாரி அசையுமே" என்றான். பிறகு, "அந்த நடுக்கட்டத்துக்கு என்ன பெயர் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை" என்று நினைவூட்டினான்.

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்தின் முதல் வரியில் எழுதவேண்டியது என்ன என்று தெரியும்: 1991, ஒரு புள்ளிப் புறா.